கரண்ட் வராத பெட்டி

— முழங்கால் இப்பிடிச் சீழ்பிடிச்சுப் பழுக்குமட்டும் வீட்டில வச்சிருந்தனீங்களோ, அழகையா? காய்ச்சல் எப்பவிருந்து?

— தெரியலீங்க டொக்டரம்மா. எங்க வீட்டுக்காரி சொல்லவே இல்ல. நேத்து தண்ணி எடுக்கப் போன எடத்துல விழுந்துட்டா. தூக்குறப்பத்தான் ஒடம்பு கொதிக்குறது தெரிஞ்சிச்சு. மடுல்சீமைத் தோட்டத்துல ஏது வாகனம்? பசறை வரைக்கும் தேயிலக் கொழுந்து லொறியில போட்டு, அங்கருந்து இங்க கொண்டாந்தேன்.

— கருப்பம்மா சொல்லாத ஆளில்லையே. முழங்கால் மூட்டு மாத்தின புதுசில ஆசுப்பத்திரி வாட்டே கேக்கக் கத்தினவ.

— அது அப்ப. அப்புறம் நீங்க மண்டையில பெட்டிய மாட்டி வலிய நிப்பாட்டுனீங்க.

— அது ஒரு ஆராய்ச்சி. தலையில ஈரப் பஞ்சை வச்சு மெல்லிய கரண்ட் குடுத்தா, ஒப்பரேசன் வலி குறையுமோ எண்டு பாத்தம். பாதிப் பேருக்கு உண்மையான கரண்ட். மற்ற ஆக்களுக்குக் கரண்டில்லாத பெட்டி மட்டும்.

— இவளுக்குப் பெட்டி மட்டுந்தான்னு நீங்கதானே சொன்னீங்க. அவ எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தா. சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க.

— ஓம், சொன்னனான்.

— வீட்டுக்குப் போயி கேட்டேன். கரண்டே வராத பெட்டிக்கு வலி போச்சுன்னா, அதுக்கு முன்ன எங்கடி வலிச்சிச்சுன்னு. நல்லா நடிக்கிறேன்னேன். லயத்து வீடுகள்ல எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் காலப் பத்தி அவ வாயே தொறக்கல. சொகமாயிட்டான்னு நெனச்சுட்டேன்.

— ஐயோ, அழகையா! அவ நடிக்கேல்லை. வலியும் உண்மை, குறைஞ்சதும் உண்மை. குறையுமெண்டு நம்பினா மூளையே வலியைக் கொஞ்சம் அடக்கும். ஆருக்கும் அப்பிடித்தான். எனக்கும்தான்.

— இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே டொக்டரம்மா.

— சொல்லியிருக்கவேணும். உங்களிட்டயில்லை, முதல்ல அவவிட்ட. வெளியில சனம் நிண்டது. கெதியாச் சொல்லிப்போட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிட்டன்.

— காலு தப்புமா?

— இண்டைக்கே முழங்காலைத் திறந்து சீழைக் கழுவவேணும். மாத்தி வச்ச மூட்டு மிஞ்சுமோ தெரியாது. வலி எங்க, எப்பத் துவங்கினது எண்டு அவதான் சொல்லவேணும்.

— நான் கேக்குறேன். கருப்பம்மா... இந்தா, இங்க பாரு. நான் பேசுனதெல்லாம் தப்பு. நீ நடிக்கலையாம், டொக்டரம்மாவே சொல்லிட்டாங்க. எங்க வலிக்குது, சொல்லு.

— வலியா? அதெல்லாம் ஒண்ணும் இல்லங்க.

— அம்மா, நான்தான், டொக்டர் லீலாதேவி. முழங்காலில நான் கையை வைக்கவே உங்களுக்கு உடம்பு நடுங்குது. மறைக்காமச் சொல்லுங்கோ.

— சொல்றேன் டொக்டரம்மா. மொதல்ல அவர வெளிய போகச் சொல்லுங்க.