சூடு ஆறாத சுருள்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் எனக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது, இன்ஸ்பெக்டர் மேடம். அருவியில் செல்ஃபி எடுக்கப் போய்த் தண்ணீரில் விட்ட போன்களெல்லாம் தென்காசியில் என் சர்வீஸ் கடைக்குத்தான் வரும். அரிசி டப்பாவுக்குள் புதைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கொண்டு வருவார்கள். நான் யாரையும் திட்டியதில்லை. பொறுமையாகப் பார்த்துக் கொடுப்பேன்.

வேப் மெஷினும், அதாவது புகைக்குப் பதில் ஆவியை இழுக்கிற மின்சிகரெட்டும் பழுது பார்ப்பேன். தடை செய்த சாமான் என்று தெரியும். செங்கோட்டை வழியாக வருகிறது, வாங்குகிறவன் வாங்கத்தான் செய்கிறான். என் தம்பி பாண்டிராஜும் கொல்லத்தில் வேலை பார்த்தபோது பழகிவிட்டான். சிகரெட்டுக்கு இது தேவலை என்று நானும் விட்டுவிட்டேன்.

உள்ளே திரவத்தில் ஊறிய பஞ்சைக் காய்ச்சி ஆவியாக்குகிற கம்பிச் சுருள் நிக்கல். சூடு ஏற ஏற அதன் மின்தடையும் ஏறும். அதை வைத்துத்தான் மெஷின் சூட்டை அளந்து, எல்லை தாண்டாமல் நிறுத்தும். அதனால் சுருள் நன்றாக ஆறிய பிறகுதான் மாட்ட வேண்டும். மாட்டியதும் 'புதுச் சுருளா, பழசா?' என்று திரையில் கேட்கும். சூடாக மாட்டிவிட்டுப் 'புதுசு' என்று அழுத்தினால், அந்தச் சூட்டையே குளிர்ச்சி என்று மெஷின் நம்பிவிடும். பிறகு எல்லை தெரியாமல் காய்ச்சும். பஞ்சு கருகும், கம்பியின் நஞ்சும் நெஞ்சுக்குள் போகும். கடைக்கு வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்லித்தான் அனுப்புவேன். "அவசரப்படாதீய அண்ணாச்சி, ஆறட்டும்" என்பேன்.

பாண்டிராஜை வளர்த்தது நான். அம்மா போனபோது அவன் பால்பல் விழாத பிள்ளை. வாசுதேவநல்லூரிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தவர்களை, தம்பி ஒரு நிலைக்கு வரட்டும் என்று திருப்பி அனுப்பினேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. அவனும், "எக்கா, ஒன்னய விட்டுட்டு நான் எங்க போவப் போறேன்" என்றுதான் சொல்லுவான்.

அப்படிச் சொன்னவன் போலீஸ் வேலைக்கு மனுப் போட்டான். எழுத்துத் தேர்வில் தேறியும் விட்டான். இலஞ்சியில் பட்டாளத்திலிருந்து வந்த நாகராஜன் அண்ணாச்சி பையன்களுக்கு ஓட்டம் பழக்குவார். "ஏ வேல்விழி, ஒந் தம்பி மான் மாரில்லா ஓடுதான். ஓட்டத்துல மட்டும் தேறிட்டாம்னா சென்னைதான் பாத்துக்கோ" என்று கடைக்கே வந்து சொன்னார். சென்னை என்றதும் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற ஆள் இல்லை நான்.

அன்று பஞ்சு மாற்றித் தரச் சொல்லி மெஷினை நீட்டினான். மாற்றிவிட்டு ஒரு தடவை சூடாக்கினேன். ஆறுமுன்பே சுருளைக் கழற்றி மாட்டினேன். திரை கேட்டது. 'புதுசு' என்று அழுத்தினேன். ஒரு விரல் வேலை.

"எக்கா, கருகுன வாடை வருதே" என்றான்.

"புதுப் பஞ்சுல்லாலே, ரெண்டு நாள்ல சரியாப் போவும்" என்றேன். நான் சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டான்.

ஓட்டத்தில் பாதியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டானாம். வீட்டுக்கு வந்து என் மடியில் தலை வைத்து அழுதான். சொதி வைத்துச் சோறு பிசைந்து ஊட்டினேன். சின்னப் பிள்ளையில் அழுதது, அதற்குப் பிறகு அன்றைக்குத்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அதோடு விட்டிருப்பேன். அவன்தான் அடுத்த தேர்வுக்கும் மனுப் போட்டான். நானும் ஒவ்வொரு தடவை பஞ்சு மாற்றும்போதும் சுருளைச் சூடாகவே மாட்டி 'புதுசு' என்றே அழுத்தினேன். இருமல் வந்தது, சளியில் ரத்தம் வந்தது. டாக்டரிடம் கூட்டிப் போனதும் நான்தான். நுரையீரல் முழுக்கத் தழும்பு, இனிச் சரியாகாது என்றார். நாகராஜன் அண்ணாச்சிதான் அவனைப் பார்க்க வந்தபோது கருகிய வாடையில் சந்தேகப்பட்டு மெஷினை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நல்ல மனுஷன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. அவனைச் சென்னைக்கு அனுப்பியிருந்தால் அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள், சொல்லுங்கள். அவனிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள், பிள்ளை பயந்துவிடுவான்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம், மேடம். நான் வீட்டுக்குப் போக வேண்டும், அவனுக்குக் கஞ்சி கொடுக்கிற நேரம். இப்போதெல்லாம் நான் தூக்கி உட்கார வைக்காமல் அவனால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது.