தட்டில் மிஞ்சிய பாதாம் கேக்

நீங்கள் கொடுத்த இந்தக் காபியில் காபி இல்லை. குறையாகச் சொல்லவில்லை. போர் நான்காவது குளிர்காலத்துக்குள் நுழைந்துவிட்ட பிறகு ஒரு காவல் நிலையத்துக்கு வேறென்ன கிடைக்கும்? வறுத்த பார்லி, சிக்கரி, கொஞ்சம் ஓக் கொட்டைப் பொடி. ஸ்டாக்ஹோம் முழுக்க இதைத்தான் குடிக்கிறது, குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றும் சொல்கிறது. நானும் சொல்கிறேன், நன்றாக இருக்கிறது.

என் வீட்டில் மட்டும் உண்மையான காபி இருந்தது. ஏன் என்பதைக் கேப்டன் ப்ரூமான் உங்களிடம் சொல்லியிருப்பார். என் பெயர் குன்ஹில்ட் வெர்னர். கணவர் கப்பல் தரகராக இருந்து காலமானவர். ஊரைப் பொறுத்தவரை நான் வியாழக்கிழமை தோறும் பெரிய இடத்துப் பெண்களுக்குக் காபி விருந்து வைக்கிற ஒரு விதவை. கேப்டனுடைய அலுவலகத்தைப் பொறுத்தவரை நான் ஓர் உளவாளி. நாம் சண்டையில் சேராத நாடு என்பதால், சண்டை போடுகிற எல்லா நாட்டுக்காரர்களும் இங்கேதான் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய மனைவிமார்களுக்கும் பொழுது போக வேண்டும் அல்லவா. நல்ல காபி என்றால் பனியில் நடந்தே வந்துவிடுவார்கள், இரண்டு கோப்பை உள்ளே போனதும் பேசுவார்கள். காபிக்கொட்டையும் வெண்ணெயும் சர்க்கரையும் அலுவலகம் அனுப்பிவிடும். இவ்வளவு மலிவாக எந்த நாடும் உளவு பார்த்ததில்லை என்று கேப்டனே பெருமையாகச் சொல்லுவார்.

வேலையில் சேர்ந்த அன்று எனக்கு ஒரு சின்ன விஷக் குப்பியும் கொடுத்தார்கள். எதிரி கையில் சிக்கினால் கடித்துக்கொள்வதற்காம். ஓஸ்தர்மால்ம் பகுதியில் என் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பவளை யார் வந்து பிடிக்கப்போகிறார்கள் என்று கேட்டேன். விதிமுறை என்றார்கள். வாங்கித் தையல் பெட்டியில் போட்டுவைத்தேன். உபயோகமில்லாமல் கிடக்கிற பொருளைப் பார்த்தால் எனக்கு எப்போதுமே மனதுக்குள் உறுத்தும்.

நான் சும்மா காது கொடுத்துக் கேட்பவள் மட்டும் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். போன வருடம் வெர்ம்லாந்து மாகாணத்திலிருந்து வந்த மர வியாபாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவன் இந்த ஊரில் சுற்றினான். மொழி சுத்தம், ஏரிகளின் பெயரெல்லாம் மனப்பாடம், தேவாலயப் பாட்டுக்கூட அட்சரம் பிசகாமல் பாடினான். அலுவலகத்துக்குச் சந்தேகம், ஆனால் பிடி கிடைக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை அவனை என் வீட்டுக்கு வரவழைத்தேன். வழக்கம்போல ஏழு வகை பிஸ்கட் வைத்தேன். ஆறு வைத்தால் கஞ்சத்தனம், எட்டு வைத்தால் பகட்டு, இது உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். சாப்பிட்டுச் சாப்பிட்டு ஒரு தட்டில் ஒரே ஒரு பிஸ்கட் மிஞ்சியது.

கடைசியாக மிஞ்சியதை நம்மவர்கள் தொடமாட்டார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் வாக்குமூலத்தில் இருக்கட்டும். அதிகம் போனால் பாதியாக வெட்டி எடுப்போம். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி எடுப்பார். என் மாமியார் வீட்டில் ஒரு கேக் துண்டு ஞாயிற்றுக்கிழமை தொடங்கிப் புதன்கிழமை வரை இப்படிச் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் பூனைக்குப் போனது. அந்தப் பூனையே கொஞ்சம் தயங்கித்தான் தின்றது.

மர வியாபாரி கையை நீட்டி அந்தக் கடைசி பிஸ்கட்டை எடுத்தான். வாயில் போட்டான். விரல்களைத் தட்டிக்கொண்டான். எதிரில் இருந்த எல்ம்க்விஸ்ட் அம்மாள் கையிலிருந்து கரண்டி விழுந்தது. நான் வாயே திறக்கவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒப்புக்குக்கூடச் சொல்லவில்லை. அவனாகவே எடுத்தான். மறுநாள் அவனுடைய பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் ரேடியோக் கருவி கிடைத்தது.

"திருமதி வெர்னர், எங்க ஆளுங்க ஆறு மாசமா மோப்பம் புடிச்சிக்கிட்டு இருந்தாங்க. நீங்க ஒத்த பிஸ்கட்டை வெச்சுக் கவுத்துட்டீங்க" என்றார் கேப்டன். அலுவலகத்தின் சார்பில் சர்க்கரைக்கட்டி எடுக்கிற வெள்ளி இடுக்கி ஒன்று பரிசாக வந்தது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, என் கல்யாணத்தன்றுகூடப் பட்டதில்லை.

இப்போது மய்-லிஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த அக்டோபரில் மேற்குக் கடற்கரையிலிருந்து ஒரு கப்பல் இயந்திரங்களுக்கான பால் பேரிங் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குக் கிளம்பியது. துறைமுகத்தைத் தாண்டியதும் பார்த்தால் ஜெர்மன்காரர்கள் விளக்குப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள், ஏதோ மாப்பிள்ளையை அழைக்க வந்தவர்கள் மாதிரி. கப்பல் திரும்பி வந்துவிட்டது. கிளம்புகிற இரவு முன்கூட்டியே வெளியே போயிருக்கிறது, அதுவும் என் விருந்து வழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்று அலுவலகம் நினைத்தது. யார் மூலம் போனது என்று கண்டுபிடிக்க மறு வாரமே கேப்டன் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இவ பேரு மய்-லிஸ் ஓகர். இனிமே உங்க அண்ணன் பொண்ணு."

எனக்கு அண்ணனே கிடையாது என்றேன்.

"இன்னிக்கிலேர்ந்து இருக்காரு. வடக்கே பாதிரியாரா இருக்காரு. உங்க மேல கொஞ்சம் வருத்தம், அதான் இத்தனை வருஷமா வரல."

இப்படி வயதான காலத்தில் எனக்கு ஓர் அண்ணன் கிடைத்தார். விருந்தாளிகள் அவரைப் பற்றி விசாரிக்க, அவருக்கு மூட்டுவலி வந்தது, ஒரு கலைமானும் வாங்கினார். எனக்கே அவர் மேல் பாசம் வந்துவிட்டது. மருமகள் மேல்தான் வரவில்லை.

அவளைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்ல மாட்டேன். ஒட்டுப்போட்ட கம்பளிக் காலுறை, சிவந்த கை, நல்ல சிரிப்பு. உமேயோவுக்கும் வடக்கே ஏதோ ஒரு கிராமம். ஆமாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாயைத் திறக்காமல் மூச்சை மட்டும் சட்டென்று உள்ளே இழுப்பாள். வடக்கத்திக்காரர்கள் அப்படித்தான், பிறவியில் வர வேண்டும், கற்றுக்கொண்டு வராது என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நானே கண்ணாடி முன்னால் நின்று முயன்று பார்த்தேன். தும்மல் வந்தது. ஆனால் நான் கொஞ்ச நேரம்தான் முயன்றேன், இன்னும் பழகியிருந்தால் வந்திருக்கும்.

காபியில் சீஸ் துண்டைப் போட்டு ஊறவைத்துக் கரண்டியால் எடுத்துத் தின்றாள். அலுவலகத்து உண்மையான காபியில். எங்கள் பக்கம் இப்படித்தான் அத்தை என்றாள். யார் வேண்டுமானாலும் அப்படிச் சொல்லலாம்.

விருந்தாளிகளுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. எல்ம்க்விஸ்ட் அம்மாள் அவளிடம் கையுறை பின்னக் கற்றுக்கொண்டார். ஜெர்மன் தூதரகச் செயலரின் மனைவி திருமதி லிண்டௌ, பல மாதங்களாக என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர், எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கேப்டன் வந்தால் முதலில் அவளைத்தான் கேட்டார். வசந்த காலத்திலிருந்து விருந்தை அவளே நடத்தட்டும், நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்று என்னிடம் பரிவாகச் சொன்னார். ஓய்வெடுத்தால் விருந்தாளிகள் இல்லை, கேப்டன் இல்லை, பார்லியும் சிக்கரியும்தான். ஆனால் நான் செய்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு பரிசோதனையை நடத்துகிறவர் தன் சொந்த வருத்தத்தை அதில் கலக்கக்கூடாது, நான் கலக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை சமையலறையில் நாங்கள் இருவரும் மாவு பிசைந்துகொண்டிருந்தோம். அவள் தலையைத் தூக்காமலே பேசினாள்.

"அத்தை, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தக் கப்பல் கெளம்புற ராத்திரி கேப்டனுக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். லிண்டௌ அம்மா பேச்சுவாக்குல என்கிட்டயே சொல்லிட்டாங்க, நீங்கதான் சொன்னதா. நீங்களே கேப்டன்கிட்ட சொல்லிடுங்க அத்தை. வாய் தவறி வந்துடுச்சின்னு சொன்னா அவரு புரிஞ்சிக்குவாரு. வெள்ளிக்கிழமை அவரு வர்ற வரைக்கும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நான் மறுக்கவில்லை. உங்களிடமும் மறுக்கவில்லை. திருமதி லிண்டௌவிடம் சொன்னது நான்தான். ஆனால் அது எப்படிப்பட்ட சூழ்நிலையில் என்று பார்க்க வேண்டும். செப்டம்பரில் ஒருநாள் அவர் கொட்டாவியை மறைத்துக்கொண்டு, "உங்க வீட்டுல காபிதான் சூடா இருக்கு, பேச்சு ஆறிப்போச்சு" என்றார். என் வரவேற்பறையில், எல்லார் முன்னாலும். உளவுத் தொழிலில் ஏதாவது கொடுத்தால்தான் ஏதாவது கிடைக்கும். எந்த இரவு என்று மட்டும் சொன்னேன், எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை. உடனே நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

என்னை யோசிக்க வைத்தது வேறு விஷயம். தனக்குச் சோறு போடுகிற வீட்டில், அந்த வீட்டு மாவைப் பிசைந்துகொண்டே, வீட்டுக்காரியிடம் ஒரு குற்றத்தை இப்படி முகத்துக்கு நேரே சொல்வது நம் நாட்டுப் பழக்கமா? நம்மவர்கள் சாகும்வரை மனதில் வைத்துக்கொள்வார்கள். இவள் வேற்று நாட்டு ஆளாக இருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு அப்போதுதான் வந்தது, அந்தச் செவ்வாய்க்கிழமை, அந்த நிமிடத்தில்.

எனக்குத் தெரிந்த பரிசோதனை ஒன்றுதான். போன தடவை அதில் ஒரு குறை இருந்தது. மர வியாபாரியை விசாரித்து, வழக்கு நடத்தி, தண்டனை கொடுத்து, இன்றுவரை அரசாங்கச் செலவில் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள், இந்தப் பங்கீட்டுக் காலத்தில். பரிசோதனையையும் தண்டனையையும் ஒன்றாகவே வைத்துவிட்டால் நாட்டுக்கு எவ்வளவோ மிச்சம். நிரபராதி என்றால் கடைசியானதைத் தொடமாட்டாள், அவளுக்கு ஓர் ஆபத்தும் இல்லை. இதைவிட நியாயமான ஏற்பாட்டை என்னால் யோசிக்க முடியவில்லை.

சிப்பி அச்சில் அழுத்திச் சுடுகிற பாதாம் கேக் இருக்கிறதே, அதைத் தேர்ந்தெடுத்தேன். கசப்புப் பாதாம் கொஞ்சம் சேர்ப்பதால் வேறு கசப்பு தெரியாது. தையல் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து ஒரே ஒரு கேக்கில் கலந்தேன். அந்த ஒரு கேக்கை அலமாரியில் தனியே எடுத்துவைத்திருந்தேன். நான் இரக்கமில்லாதவள் அல்ல, மற்றவர்கள் கைக்கு அது தப்பித்தவறியும் போகக்கூடாது அல்லவா. வியாழக்கிழமை விருந்து முடிந்து எல்லாரும் கோட்டு மாட்டிக்கொண்டு, நன்றி சொல்லி, கிளம்பிப் போன பிறகு தட்டில் வைத்து வரவேற்பறைக்குக் கொண்டுவந்தேன். மய்-லிஸ் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிற்பகல் முழுக்கப் பரிமாறியவள், அதுவரை ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"ஒண்ணு மிஞ்சிப்போச்சு, எடுத்துக்கோ" என்றேன்.

"வேணாம் அத்தை, நீங்க சாப்பிடுங்க."

நான் சாப்பிட்டாயிற்று என்றேன்.

"அப்ப பாதி பாதியா எடுத்துக்கலாம்."

உதிர்ந்துவிடும், வெட்ட வராது என்றேன். நாளைக்குக் கேப்டன் வருவார், அவருக்கு எடுத்துவைக்கலாம் என்றாள். அவர் பாதாம் சாப்பிட மாட்டார் என்றேன். அது பொய். கேப்டன் சாப்பிடுவார்.

"உனக்குன்னுதான் எடுத்து வெச்சேன். செவ்வாய்க்கிழமை பேசினதை நான் மனசுல வெச்சுக்கலன்னு உனக்குத் தெரியணும்ல? நீ எடுக்கலன்னா அத்தை இன்னும் கோவமா இருக்கேன்னு நெனச்சிப்ப."

அவள் என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, சந்தோஷத்தில்தான் என்று நினைக்கிறேன். மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தாள். எடுத்துச் சாப்பிட்டாள். "ரொம்ப நல்லாருக்கு அத்தை" என்றாள். அதற்கு மேல் அவள் பேசவில்லை. தட்டை நான் உடனே கழுவிவிட்டேன், மற்ற பாத்திரங்களையும் நானே கழுவ வேண்டியதாயிற்று.

ஆக, மய்-லிஸ் ஓகரைக் கொன்றது நான். தெரிந்தேதான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் பரிசோதனை முறைப்படி நடந்தது என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். நான் நான்கு முறைதான் சொன்னேன். அவள் மூன்று முறைதான் மறுத்தாள். இன்னும் ஒரு தடவை மறுத்திருந்தால் நம் நாட்டுப் பெண்தான் என்று நானே கேப்டனிடம் சொல்லியிருப்பேன். அநேகமாக ஐந்தாவது தடவை கேட்டிருக்க மாட்டேன்.

நடுவில் நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டு வந்தபோது கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அவளுடைய அப்பா வடக்கிலிருந்து வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். உண்மையிலேயே பாதிரியார்தான் போலிருக்கிறது, கழுத்தில் வெள்ளைப் பட்டி இருந்தது. உங்கள் மகளா என்று நீங்கள் கேட்டதற்கு அவர் வாயைத் திறக்கவில்லை, மூச்சைத்தான் உள்ளே இழுத்தார். குடும்பமாகவே பயிற்சி எடுத்திருக்கிறார்கள். வெகுதூரம் ரயிலில் வந்திருப்பார், பசியோடு இருப்பார். என் பேச்சில் நம்பிக்கை இல்லாவிட்டால் ஒன்று செய்யுங்கள். இதோ உங்கள் தட்டில் ஒரு ரஸ்க் மிஞ்சியிருக்கிறது, கொண்டுபோய் அவரிடம் நீட்டிப் பாருங்கள்.