ஓம் என்று சொன்னதற்குக் குளிசை

முருங்கனில் ஏறிய இரண்டு பெண்கள் மன்னார் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இருந்தார்கள். மூத்தவரின் மடியில் ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துப் பை.

"உண்மையைச் சொன்னதுக்குக் குளிசை தந்திருக்கினம் மச்சாள்."

"அப்பிடி என்ன கேட்டவை?"

"நித்திரை வருதோ, பசிக்குதோ எண்டு மனநலக் கிளினிக்கில அந்த டொக்டர்ப் பிள்ளை ஒவ்வொண்டாக் கேட்டு எழுதினது. பிறகு, 'உங்களை ஆரும் கண்காணிக்கிற மாதிரி இருக்கோ அம்மா' எண்டு கேட்டது. நான் ஓம் எண்டனான்."

"ஐயோ, அதை ஏன் சொன்னனீங்கள்?"

"பின்னை? என்ரை மகனைப் போலக் காணாமல் போன பிள்ளையளுக்காக நடக்கிற போராட்டத்துக்கு நான் போய் வந்தால், பின்னேரமே சிவில் உடுப்பில பொலிசுக்காரர் வந்து ஆரோட போனனீங்கள், என்ன கதைச்சனீங்கள் எண்டு கேக்கிறாங்கள். வீட்டுப் படலையடியில மோட்டச்சைக்கிள் நிண்டதை நீயும் கண்டனிதானே."

"கண்டனான். அதை அந்தப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தியிருக்கலாமே?"

"அவள் ஆரிட்டைப் போய்ச் சொல்லுவாள் எண்டு எனக்கென்ன தெரியும்?"



"அப்ப அடுத்த கிளினிக்கில இல்லையெண்டு சொல்லுங்கோ. குளிசையை நிப்பாட்டுவினம்."

"மகனைப் பற்றிக் கேட்டாலும் இல்லையெண்டே சொல்லுறது?"

பஸ் பாலத்தில் ஏறியது. கடல் காற்றுக்கு யன்னலைச் சாத்த எழும்பிய மூத்தவர் அப்போதுதான் என்னைக் கண்டார். என் கையிலிருந்த போனையும் கண்டார்.

"மிச்சத்தை வீட்டை போய்க் கதைப்பம்" என்றார், மெல்ல.

நான் போனைப் பைக்குள் வைத்தேன். அதையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.