பம்பாய்க்குப் போன மீசைப் படம்

கள்ளிக்குப்பத்து வெயிலில் சாயம் சீக்கிரம் காய்ந்துவிடும், இன்ஸ்பெக்டர் ஐயா. அந்த ஒரு விஷயத்தில் என் வீட்டுக்காரர் கொடுத்துவைத்தவர்.

பட்டணத்து ஓவியப் பள்ளியில் படித்தவர். கழனியைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பேர்போன சீமைப் படங்களைக் கேலி செய்து வரைவதே வேலையாக இருந்தார். சிப்பியிலிருந்து ஒரு பெண் எழுந்து வருகிற படம் உண்டாம். பெண்ணை எடுத்துவிட்டு எங்கள் எருமையை நிறுத்தினார். பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து கடைசி விருந்து உண்கிற படத்தில் கோயில் தர்மகர்த்தாக்களை உட்காரவைத்து, கருவாட்டுக்கு அடித்துக்கொள்ள விட்டார். நானும் சிரித்தேன். எனக்குச் சிரிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விளையாட்டுப் புத்தி அவருக்கு. ஒருமுறை செத்தவர்போல் பாடையில் படுத்துக்கொண்டார். ஊரே அழுதது; நான் மண்ணில் விழுந்து புரண்டேன். எழுந்து உட்கார்ந்து வெற்றிலை கேட்டார்.

போன மாசியில் என்னை உட்காரச் சொன்னார். இத்தாலி தேசத்துச் சீமாட்டி ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு பாதிச் சிரிப்புச் சிரிக்கிறாளாம், அதேபோல. கல்யாணப் புடவை கட்டி உட்கார்ந்தேன். வியர்வையைத் துடைக்கவும் விடமாட்டார். வரைந்ததை என்னிடம் காட்டவில்லை. பங்குனி உத்திரத்தன்று ஊரைக் கூட்டி, கதவளவு இருந்த படத்தின் துணியை விலக்கினார். என் முகம் அப்படியே உயிரோடு இருந்தது. அதன்மேல் முறுக்கிய மீசை. என் தங்கை பேபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு நான் குளத்துக்குப் போனால், மீசைக்காரருக்கு வழி விடச் சொல்லிப் பெண்கள் ஒதுங்குவார்கள்.

"ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு கீறே? உன்னியவா கேலி பண்ணேன்? கலையக் கேலி பண்ணேன்," என்றார். நியாயமாகத்தான் பட்டது.

பம்பாய்க் கண்காட்சிக்கு அனுப்பப் பெட்டி செய்தார். எருமைப் படமும் சேர்த்துப் போகட்டும் என்று நல்ல ஆழம். தூசி புகுந்தால் படம் கெடும் என்று சந்தெல்லாம் தார் பூசினார். அனுப்புகிற அன்று, மீசையின் ஒரு நுனி மங்கலாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. தூரிகையோடு உள்ளே இறங்கிக் குனிந்தார். நான் மூடியைப் போட்டேன். ஆணியும் சுத்தியலும் அங்கேயே இருந்தன. மூடிமேல் உட்கார்ந்துகொண்டே அடித்தேன். நான் கொஞ்சம் கனமானவள்.

வண்டிக்காரர் துலுக்கானம் ஆட்களோடு வந்தார். "அண்ணி, உள்ள இன்னாமோ தட்டுதே," என்றார்.

பட்டணத்தில் பேசும் படம் வந்த புதிது. "அவுரு சொல்லலியா? இது பேசற படம்," என்றேன்.

அண்ணாத்தே வேலையே வேலை என்று சிரித்துக்கொண்டே ஏற்றினார்கள். ரயிலடியிலும் குரல் கேட்டது. பாடையில் படுத்த ஆளை அங்கேயும் தெரியும். பார்சல் குமாஸ்தா பெட்டியைச் செல்லமாகத் தட்டி, பம்பாயிலிருந்து அல்வா வாங்கி வரச் சொன்னார்.

திறந்தபோது உயிர் இல்லை என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். அந்த வெயிலில் வேறென்ன ஆகும் என்று கேட்டால், அதை நான் யோசிக்காமல் இல்லை.

மீசைக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். எனக்குக் கோபமே கிடையாது. வழியில் மனம் மாறியிருக்கலாமே என்கிறீர்கள். மாறத்தான் பார்த்தது. வண்டிக்குப் பின்னாலேயே நடந்தேன். ஏரிக்கரை தாண்டும்போது உள்ளேயிருந்து, "சொர்ணம், சொர்ணம்," என்று கூப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து 'இந்தா' என்பதைத் தவிர வேறெப்படியும் அவர் என்னைக் கூப்பிட்டதில்லை. அவர் வாயில் என் பெயர் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஐயா. கேட்டுக்கொண்டே ரயிலடிவரை வந்துவிட்டேன்.