சங்கிலி போட்ட மாப்ள

சுபாஷ்: நீங்க போய்ட்டு வாங்க மச்சான். நான் இப்டியே பஸ் புடிச்சி நைனார்பாளையம் போயிடறன்.

சரத்: ஒக்காரு மாப்ள. சேலத்துக்கு ரெண்டு டிக்கெட் எடுத்தாச்சி. ரயிலு வர்றதுக்கு இன்னும் இருவது நிமிஷம் இருக்குது.

சுபாஷ்: டிராக்டர் ஓட்ட ஆள் இல்லிங்க. மக்காச்சோளம் அப்டியே கெடக்குது...

சரத்: போன மாசம் கரும்பு வெட்டு. அதுக்கு முந்தின மாசம் ஒங்க சித்தப்பா வூட்டு காதுகுத்து. அதுக்கும் முன்னாடி பல்லு வலி. டாக்டரம்மா ஒன்ன வரச்சொன்னது ஒரே ஒரு டெஸ்ட்டுக்கு.

சுபாஷ்: பல்லு வலி நெசம்தாங்க.

சரத்: எந்தப் பல்லு?

சுபாஷ்: இந்தப் பக்கம்... இல்ல, அந்தப் பக்கம்.

சரத்: பாரு, பல்லுக்கே தெரியல.

சுபாஷ்: மெதுவா பேசுங்க. அந்த பெஞ்சில நம்ம ஊரு ஆளு மாதிரி இருக்குது.

சரத்: அதுக்குத்தான கள்ளக்குறிச்சி வேணாம்னு சேலம் போறம். அந்தாளு ஆத்தூர்ல எறங்கிடுவாரு, பயப்படாத.

சுபாஷ்: எனக்கு ஒண்ணும் இல்ல மச்சான். நூறு கிலோ மூட்டைய தனியா தூக்கறன், பாக்கறிங்க இல்ல...

சரத்: அங்க மூட்ட தூக்கச் சொல்ல மாட்டாங்க.

சுபாஷ்: ஒங்களுக்கு எல்லாம் கிண்டல்தான்.

சரத்: கல்யாணமாகி மூணு வருஷம் ஆச்சி. ஒரு வருஷம் பாத்துட்டு ரெண்டு பேருமா டாக்டர்கிட்ட போயிருக்கணும். எந்தங்கச்சிக்கு மாசாமாசம் தேதி தவறாம வருது. ஸ்கேன் எடுத்தாச்சி, ரத்தம் எடுத்தாச்சி, கொழாயில அடப்பு இல்லன்னு சொல்லியாச்சி. இன்னும் அவகிட்ட இன்னா மிச்சம் இருக்குது பாக்கறதுக்கு?

சுபாஷ்: அம்மாதான் கல்வராயன் மலையிலேருந்து வேரு வரவழச்சி கசாயம் வெச்சி குடுக்கறாங்க. நல்லதாம்.

சரத்: யாருக்கு?

சுபாஷ்: ப்ரியாவுக்கு.

சரத்: ஒனக்கு அர டம்ளராவது ஊத்துனாங்களா?

சுபாஷ்: ரொம்ப கசக்குமாம்.

சரத்: அவளுக்கு மட்டும் இனிக்குது போல.

சுபாஷ்: ...ப்ரியா எதனா சொன்னாளா?

சரத்: அவ எங்க வாய தெறக்கறா. ஞாயித்துக்கெழம ஒங்கம்மா திருநாவலூருக்கு பொண்ணு பாக்கப் போறாங்கன்னு ஊருல பேசிக்கறாங்க. ஒனக்கு ரெண்டாவது கல்யாணம்.

சுபாஷ்: வேணாம்னு சொல்லிட்டங்க.

சரத்: எப்டி சொன்ன?

சுபாஷ்: சோறு துன்னாம எழுந்துட்டன்.

சரத்: பசிக்கலன்னு நெனச்சிருப்பாங்க. சரி, அத வுடு. மூணு நாளா தனியா படுத்தியா?

சுபாஷ்: மெதுவா... படுத்தன். மோட்டார் கொட்டாயில. எம்மேல இன்னா கோவம்னு ப்ரியா அழுதா.

சரத்: இந்த ரெண்டு மூணு மாசத்துல பெரிய காய்ச்சல் எதனா?

சுபாஷ்: இல்லிங்க.

சரத்: நல்லது. டப்பாவுல ஒம்பேரு எழுதியிருக்குதான்னு பாத்து வாங்கு. உள்ளார சின்ன ரூமு, தாப்பா சட்டுனு விழாது. முட்டிய வெச்சி ஒரு அழுத்து அழுத்தணும்.

சுபாஷ்: இதெல்லாம் ஒங்களுக்கு எப்டி...

சரத்: இப்பதான் எல்லாம் போன்லயே வருதே.

சுபாஷ்: தாப்பா கூடவா?

சரத்: டீ சாப்புடறியா?

சுபாஷ்: வேணாம்... மச்சான், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டிங்களே.

சரத்: மொதல்ல சொல்லு. கோவத்த அப்பறம் பாத்துக்கலாம்.

சுபாஷ்: ஒங்க வூட்டுக்கு ஜாதகம் குடுக்கறதுக்கு கொஞ்ச நாளு முன்னாடி எனக்கு பொன்னுக்கு வீங்கி வந்துச்சி. ரெண்டு கன்னமும் வீங்கிப்போயி...

சரத்: அது சின்னப் பசங்களுக்கு வர்றதாச்சே.

சுபாஷ்: எனக்கு இருவத்தாறு வயசுல வந்துச்சி. தங்கம் பட்டா வீக்கம் வாடிடும்னு அம்மா அவங்க சங்கிலிய கழட்டி என் கழுத்துல போட்டாங்க.

சரத்: ...இரு. ஜாதகத்தோட வந்த போட்டோவுல போட்டிருந்தியே, அந்த சங்கிலியா?

சுபாஷ்: அதேதான்.

சரத்: அடப்பாவி. மாப்ள கழுத்துலயே மூணு பவுன் கெடக்குது, வசதியான எடம்னு எங்கப்பா அந்த போட்டோவ தெரு முழுக்க காட்டுனாரு.

சுபாஷ்: போட்டோ எடுக்கச்சொல்ல கன்னம் கூட முழுசா வாடல.

சரத்: மொகம் நல்லா பூசுனாப்புல இருக்குதுன்னு எங்கம்மா வேற சொன்னாங்க.

சுபாஷ்: சிரிக்காதிங்க மச்சான். கன்னத்துல வாடிடிச்சி... கீழ எறங்கிடிச்சி. பத்து நாளு கால அகட்டித்தான் நடந்தன். வீக்கம் போனப்பறம் ஒரு பக்கம் சின்னதாவே பூடுச்சி.

சரத்: டாக்டர்கிட்ட காட்டுனியா?

சுபாஷ்: வெளிய தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு அம்மா சொல்லிட்டாங்க. நானும் மறந்துட்டன். ஆறு மாசம் முன்னாடிதான் போன்ல படிச்சன். பெரியவங்களுக்கு வந்து கீழ வீங்குனா, கொழந்த பொறக்கறது செல பேருக்கு கஷ்டமாவுமாம். அப்பலேருந்துதான் எனக்கு பல்லு வலி.

சரத்: ஆறு மாசமா தெரிஞ்சிக்கினே, அவ கசாயம் குடிக்கறத பாத்துக்கினு இருந்த.

சுபாஷ்: ஆமாங்க.

சரத்: அவ என் தங்கச்சி மாப்ள.

சுபாஷ்: வேணும்னா ரெண்டு அடி அடிச்சிடுங்க. அவகிட்ட மட்டும் சொல்லிடாதிங்க. என்ன வுட்டுட்டு போயிடுவா.

சரத்: நான் சொல்ல மாட்டன். நீதான் சொல்லணும். நீ பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லாமலே போவலாம். கம்மியா இருந்தா அதுக்கும் வைத்தியம் இருக்குது. சுத்தமா இல்லன்னு வந்தாலும், அதையும் ரெண்டு பேரும் ஒக்காந்து பேசிக்கலாம். ஆனா ஞாயித்துக்கெழமைக்குள்ள அவளுக்கு தெரியணும், ஒங்கம்மாவுக்கும் தெரியணும்.

சுபாஷ்: ரெண்டு புள்ள பெத்த ஒங்களுக்கு இன்னா தெரியும் மச்சான்... வண்டி வந்துடிச்சி. திட்டறதுன்னா இங்கயே திட்டிடுங்க. சும்மா நிக்காதிங்க, பயமா இருக்குது.

சரத்: எந்த மூஞ்சிய வெச்சிக்கினு திட்டறது? எங்க மூத்த புள்ள மணிமொழி பொறக்கறதுக்கு முன்னாடி நாலு வருஷம் நானும் இந்த வண்டியிலதான் போய்க்கினு இருந்தன். ஜவ்வரிசி மில்லுக்கு மரவள்ளிக் கெழங்கு லோடுன்னு வூட்ல பொய் சொல்லிட்டு.

சுபாஷ்: நீங்களா? ஒங்க வூட்டு செவ்வந்தி அக்காவுக்குத்தான் எதோ கோளாறுன்னு ப்ரியா கூட...

சரத்: எனக்குத்தான் மாப்ள. ப்ரியா ஒரு நாளு செவ்வந்தி மூஞ்சிக்கு நேரா மலடின்னே சொல்லிட்டா. நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தன். செவ்வந்தி இன்னி வரைக்கும் என்ன யாருகிட்டயும் காட்டிக் குடுக்கல. தங்கச்சி மாப்ளைய தனியா வுடாத, கூட போன்னு காலையில என்ன கெளப்பி வுட்டதும் அவதான்... ஏறு.