மாடிப்படிக் கதவின் தாழ்ப்பாள் குறித்து லெயோன் மறுபடி சொன்னது

சைகோன். 1950-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 28-ஆம் தேதி, சனிக்கிழமை, பகல் பதினொன்றே கால் மணி. தமிழ் தெரிந்த காவல் நிலையக் காரியதரிசி ஜூல் முன்பாகத் தமிழில் சொல்லப்பட்டு எழுதிக்கொள்ளப்பட்டது.

என் பெயர் லெயோன். தகப்பனார் பெயர் மதலைமுத்து. வயது நாற்பத்தெட்டு. சொந்த ஊர் காரைக்கால். தற்சமயம் கான் ஹொய்யில், துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்புறச் சந்தில் குடியிருந்துகொண்டு, அங்கேயே இரும்புப் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன் பதினோரு வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் பிரிவில் இருந்தேன். மதம் கத்தோலிக்கம். மனைவி பெயர் ஒடெட். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆகையால் நான் சொல்லாததை எழுதினால் கண்டுபிடித்துவிடுவேன் என்பதை முதலிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

இதே விஷயமாகச் செவ்வாய்க்கிழமை 24-ஆம் தேதி ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதன் பேரில் சி பா என்று எல்லோரும் கூப்பிடும் இந்த ஊர்ப் பெண், ஒய்யே தெரு அடைக்கப்பன் செட்டியார் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்காரி, அன்று மாலையே காவலில் வைக்கப்பட்டாள். அந்த வாக்குமூலத்தில் நான் சொல்லாமல் விட்ட காரியங்கள் உண்டு. அவற்றைச் சொல்ல இன்று யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்திருக்கிறேன்.

மேற்படி அடைக்கப்பன் செட்டியார் வீட்டில் கீழே கடை, மேலே குடித்தனம். நடுவில் பதினான்கு படி உள்ள செங்குத்தான மரப்படிக்கட்டு. அவருடைய குழந்தை காமாட்சிக்கு ஒன்றரை வயது. நடக்க வந்ததிலிருந்து படிக்கட்டைப் பார்த்தே ஓடுகிறது என்று அவர் மனைவி தெய்வானை ஆச்சி ஆகஸ்டு மாதம் என்னை வரச்சொல்லி, "மேஸ்திரி, இவளைக் கட்டிப்போட முடியாது, படியைத்தான் கட்டிப்போடணும், ஒரு கதவு போட்டுக் குடுங்க" என்றார்கள். அதன் பிறகு நான் அளவெடுத்து, இடுப்பு உயரத்துக்குக் கம்பிக் கதவு ஒன்று செய்து படியின் உச்சியில் மாட்டினேன். கதவு மாடிப் பக்கமாகத் திறக்கும். படிப் பக்கம் திறக்காது. கீலைச் சற்றுச் சாய்வாக வைத்திருக்கிறேன், ஆகையால் கையை விட்டால் கதவு தானே வந்து சாத்திக்கொள்ளும்.

தாழ்ப்பாளைப் பற்றி விவரமாகச் சொல்லவேண்டும். காரியதரிசி அவசரப்படக்கூடாது. இந்தத் தாழ்ப்பாளில் ஸ்பிரிங் கிடையாது. இந்த ஊர் மழையில் ஸ்பிரிங் ஆறு மாதத்தில் துருப்பிடித்துவிடும், சண்டைக் காலத்தில் நல்ல ஸ்பிரிங் கப்பலில் வருவதும் இல்லை. அதனால் கனமான இரும்பு நாக்கு ஒன்றை ஓர் ஆணியில் கோத்து விட்டிருக்கிறேன். கதவு சாத்தும்போது நாக்கு எதிர்த்தூணில் இருக்கும் கொண்டியின் சரிவில் ஏறி, அந்தப் பக்கம் தன் கனத்திலேயே விழுந்து மாட்டிக்கொள்ளும். விழும்போது டொக் என்று சத்தம் கேட்கும். திறப்பதற்கு நாக்கைத் தூக்கவும் வேண்டும், அதே நேரத்தில் பக்கத்துக் குமிழைத் தள்ளவும் வேண்டும். பெரியவர்களுக்கே இரண்டு நாள் பழகினால்தான் வரும். பக்கத்துச் சோலோன் பட்டணத்தில் இதைப் பார்த்துக் காப்பியடித்த ஒருவன் இருக்கிறான், அவனுடையது நாலு நாளில் ஆடிப்போயிற்று. என்னுடையது ஆடவில்லை.

அதன் பிறகு இந்த மாதம் ஆயுத பூஜை அன்று காலையில், குமிழ் கொஞ்சம் இறுகுகிறது என்று சொன்னதால் அந்த வீட்டுக்குப் போனேன். பெட்டி, தராசு, பேனா, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்கள். செட்டியார் என்னைப் பார்த்து, "மேஸ்திரி, வீட்டுலயே பெரிய ஆயுதம் உங்க கதவுதான். செஞ்ச கையாலேயே ஒரு பொட்டு வச்சிருங்க" என்றார். நான் கத்தோலிக்கன் என்று சொன்னேன். "பொட்டு இரும்புக்குத்தானே, உங்களுக்கா வைக்கச் சொன்னேன்?" என்று சிரித்தார். மறுத்தால் மரியாதைக் குறைவாக இருக்கும் என்று சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

இந்த இடத்தில்தான் என் தவறு இருக்கிறது. பூஜை செய்து பழகியவர்கள் தகட்டின் மேல் விரல் நுனியால் ஒரு பொட்டு வைப்பார்கள். எனக்குப் பழக்கம் இல்லை. தெருப்பக்கம் ஜன்னல் திறந்திருந்தது, எங்கள் மாதா கோயில் ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று எனக்கு ஒரே உதைப்பு. ஆகையால் கிரீஸ் வைக்கிற வழக்கப்படி கட்டை விரலால் ஒரு உருண்டை எடுத்து, நாக்கு கோத்திருக்கும் ஆணித்தலையில் அழுத்தி அப்பிவிட்டு, மேலே குங்குமத்தை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். இருபத்தாறு வருஷமாக இரும்பு வேலை செய்கிறவன், அசையும் மூட்டில் அரைத்த மரத்தைப் பூசக்கூடாது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை காலை சுமார் பத்தரை மணிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு காப்பிக் கடையில் கிரனேட் வெடித்தது. அப்போது செட்டியார் முருகன் கோயிலில் இருந்தார். ஆச்சி பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார்கள். சமையற்காரர் நாகப்பன் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். சி பா மட்டும் மாடியில் குழந்தையோடு இருந்தாள். வெடிச் சத்தம் கேட்டால் முதல் வேலையாகக் கடைக் கதவை இழுத்துச் சாத்தவேண்டும் என்பது அந்த வீட்டு உத்தரவு. அவள் மாடிக் கதவைத் திறந்துகொண்டு கீழே ஓடினாள். அவள் கடைக் கதவைச் சாத்தி முடிப்பதற்குள் குழந்தை பதினான்கு படியும் உருண்டு வந்து அவள் காலடியில் விழுந்தது. தொடை எலும்பு முறிந்து, தலையில் அடிபட்டு, நினைவு திரும்பாமல் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. இதெல்லாம் மற்றவர்கள் சொல்லி எனக்குத் தெரியும்.

அதன் பிறகு பகல் இரண்டு மணிக்குக் கதவைச் செய்தவன் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டரும் இந்தக் காரியதரிசி மெஸ்யே ஜூலும் மாடியில் நின்றார்கள். சி பாவின் தம்பி காட்டுக்குப் போய்ப் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துச் சண்டை போடும் வியட் மின் ஆட்களோடு சேர்ந்துவிட்டான் என்றும், அவள் கீழே ஓடியது கடைக் கதவைச் சாத்த அல்ல, யாரையோ உள்ளே விடத்தான் என்றும், அதற்காக மாடிக் கதவை வேண்டுமென்றே திறந்து வைத்தாள் என்றும் பேசிக்கொண்டார்கள். நான் குனிந்து தாழ்ப்பாளைப் பார்த்தேன். ஆணித்தலையில் சந்தனம் காய்ந்து குங்குமத்தோடு அப்படியே இருந்தது. எனக்குப் பின்னால் நின்றவர் மெஸ்யே ஜூல். மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிறவர். யார் வைத்த பொட்டு என்று கேள்வி வந்தால் சாமியார் காது வரைக்கும் போகும் என்று பயந்து, கைக்குட்டையில் எச்சில் தொட்டு அதைத் துடைத்துவிட்டேன். இதை அவர் கவனிக்கவில்லை. இப்போது எழுதிக்கொண்டிருக்கிறவரும் அவரே, ஆகையால் முகத்துக்கு நேராகச் சொல்கிறேன்.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர் முன்னால் கதவை மூன்று முறை வீசிச் சாத்திக் காட்டினேன். மூன்று முறையும் டொக் என்று விழுந்தது. இது தானே திறந்துகொள்ளுமா என்று கேட்டார். "என் வேலை தானே திறக்காது, யாராவது தூக்கினால்தான் உண்டு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியாகப் போனவள் அவள்தானே என்றும், அவள் முழியே சரியில்லை, எனக்கு முதலிலிருந்தே சந்தேகம் என்றும் சொன்னேன். சந்தேகம் ஒன்றும் இருந்ததில்லை. கதவு மாட்டிய நாட்களில் எனக்கு எலுமிச்சம்பழத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் அவள். எனக்கு யார் மேலும் சட்டென்று நம்பிக்கை வராது, அது என் சுபாவம். ஆனால் அன்றைக்குச் சொன்னது சுபாவத்தால் அல்ல, என் தாழ்ப்பாளின் பேர் கெடக்கூடாது என்பதால்.

அவளை அழைத்துக்கொண்டு போகும்போது அவள் என்னைப் பார்த்துத் தன் பாஷையில் பேசினாள். எனக்கு அந்தப் பாஷை ஓரளவு வரும். தான் கதவை விட்டுவிட்டுத்தான் ஓடியதாகவும், அது சாத்திக்கொண்டதைப் பார்த்ததாகவும், சத்தம் மட்டும் கேட்கவில்லை, வெடியில் காது அடைத்திருந்தது என்றும் சொன்னாள். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. நானும் பிரெஞ்சில் எடுத்துச் சொல்லவில்லை.

அதன் பிறகு புதன், வியாழன் இரண்டு நாளும் பட்டறையில் வேலை ஓடவில்லை. சமையற்காரர் நாகப்பனுக்கும் அவளுக்கும் ஆகாது, அந்த வஞ்சத்தில் தாழ்ப்பாளில் எதையோ வைத்திருப்பாரோ என்று சந்தேகப்பட்டேன். சோலோன்காரன் ஆள் வைத்துக் கெடுத்திருப்பானோ என்றும் சந்தேகப்பட்டேன். என்னைத் தவிர எல்லோரையும் சந்தேகப்பட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் என் மனைவி ஒடெட், சி பாவின் தாயார் சோற்றுத் தூக்கோடு நிலையத்து வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததாகவும், திங்கட்கிழமை அவளை வேறு இடத்துக்கு அனுப்பிவிடப் போகிறார்கள், அப்படிப் போனவர்கள் திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை என்று அங்கே பேசிக்கொண்டதாகவும் சொன்னாள். பிறகு, "நீங்க தாழ்ப்பாளைப் பத்திச் சொன்னீங்களா, அவளைப் பத்திச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். உனக்கு என்ன தெரியும், வாயை மூடு என்று சத்தம் போட்டேன். அவள் வாயை மூடவில்லை. "எனக்குத் தாழ்ப்பாள் தெரியாது, உங்களைத் தெரியும்" என்றாள்.

அதன் பிறகு நேற்று வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேற்படி வீட்டுக்குப் போனேன். கதவை வீசிச் சாத்தினேன், விழுந்தது. அந்தச் சமயம் ஆச்சி ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக ஒரு கையில் கூஜாவும் ஒரு கையில் துணி மூட்டையுமாக வந்து, நான் திறந்துவிட்ட கதவைத் தாண்டிக் குதிகாலால் விட்டுவிட்டுப் படியில் இறங்கினார்கள். கதவு மெதுவாக வந்து சாத்திக்கொண்டது. டொக் என்ற சத்தம் வரவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். நாக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது. ஒற்றை விரலால் கம்பியை இழுத்தேன், கதவு கூடவே வந்தது. குழந்தைக்கு அந்தக் கம்பியைப் பிடித்து ஆட்டும் வழக்கம் உண்டு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அதன் பிறகு அதே மாதிரி கையை மட்டும் விட்டுப் பத்து முறை சாத்திப் பார்த்தேன். ஏழு முறை நாக்கு விழவில்லை. ஆணியைக் கழற்றினேன். நாக்கின் துளைக்குள் மஞ்சளாகக் காரை மாதிரி இறுகியிருந்தது. முகர்ந்து பார்த்தேன், சந்தனம். ஈரமாக இருந்த நாட்களில் நாக்கு வழுக்கி விழுந்திருக்கிறது, காய்ந்த பிறகு பிடித்துக்கொண்டிருக்கிறது. வீசிச் சாத்தினால் அதிர்ச்சியில் விழும், ஆகையால்தான் செவ்வாய்க்கிழமை என் கண்ணும் ஏமாந்தது, இன்ஸ்பெக்டர் கண்ணும் ஏமாந்தது. அப்போதுகூட என் வாயில் வந்தது, "ஆச்சி, இதுக்குள்ள யாரு சந்தனத்தை அடைச்சது?" என்பதுதான். கதவுச் சத்தம் கேட்டுத் திரும்பி ஏறி வந்திருந்த ஆச்சி பாதிப் படியில் நின்று என்னையே பார்த்தார்கள். "என்ன மேஸ்திரி இப்படிக் கேக்குறீக? நீகதானே அப்பினீக. நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்" என்றார்கள்.

நான் காவல் நிலையத்துக்குப் போகிறேன் என்றேன். ஆச்சி மேலே ஏறி வந்து குரலைத் தாழ்த்தி, "வேண்டாம் மேஸ்திரி. பூசைச் சந்தனத்தாலே பிள்ளை விழுந்துச்சுன்னு தெரிஞ்சா எங்க வீட்டுல அவுக மனசு ஒடிஞ்சுபோவாக. தானே வைக்கச் சொன்னோம்னு சோறு தின்னமாட்டாக. உங்களுக்கும் உங்க சாமியாரு இருக்காரு. தொடைச்சு மாட்டிட்டுப் போயிருங்க" என்றார்கள். சி பா என்ன ஆவாள் என்று கேட்டேன். ஆச்சி அழுதார்கள். ஆச்சியைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. துடைத்து மாட்டிவிடலாம் என்று ஆச்சி சொல்வதற்கு முன்பே நான் கைக்குட்டையை எடுத்திருந்தேன், அதையும் எழுதிக்கொள்ளவேண்டும்.

அதன் பிறகு துடைக்காமல் நாக்கு, ஆணி, கொண்டி மூன்றையும் அப்படியே ஒரு பிஸ்கோத்து டப்பாவில் போட்டு எடுத்துவந்தேன். கதவைக் கயிற்றால் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். இன்று அவற்றை மேஜை மேல் வைத்து ஆணியில் கோத்துக் காட்டினேன். மெஸ்யே ஜூல் தாமே நாக்கைத் தூக்கி விட்டார். அது அப்படியே நின்றது. விரலால் தட்டிய பிறகே விழுந்தது. "லெயோன், இதை எழுதினா வழக்கு உன் பக்கம் திரும்பும். தடயத்தைத் துடைச்சதுக்குத் தனியா கேப்பாங்க. வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு திங்கட்கிழமை வாயேன்" என்றார். திங்கட்கிழமை அவள் இங்கே இருக்கமாட்டாள், இப்போதே எழுதுங்கள் என்றேன்.

செவ்வாய்க்கிழமை நான் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேன். அந்தப் பேச்சை நம்பித்தான் அவளைப் பிடித்தீர்கள். அவள் தம்பி எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியுமா என்பதும் தெரியாது. கதவை அவள் திறந்து வைக்கவில்லை என்பது மட்டும் தெரியும். அவள் இருக்கிற இடத்தில் இருக்கவேண்டியவன் நான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த வார்த்தையை விட்டுவிடாமல் எழுதவேண்டும்.

எழுதியதை நானே இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஓர் இடத்தில் 'துடைத்திருக்கலாம்' என்று இருந்ததை 'துடைத்தேன்' என்று திருத்தச் சொன்னேன், திருத்தப்பட்டது. இதில் உள்ளது அத்தனையும் உண்மை. யாருடைய பயமுறுத்தலுக்கும் ஆசை வார்த்தைக்கும் உட்படாமல் சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ம. லெயோன்

காரியதரிசி குறிப்பு: மேற்படி லெயோன் கையெழுத்திட்ட பிறகு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியும் போகாமல் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் தாழ்ப்பாளைப் பரிசோதித்து, பகல் மூன்று இருபதுக்கு மேற்படி பெண்ணை விடுவிக்க உத்தரவிட்டார். அவள் வெளியே வந்தபோது லெயோன் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். அவள் என்னிடம் குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கண் விழித்துவிட்டது, அவளைக் கேட்டு அழுகிறது என்றேன். அவள் லெயோனைக் கடந்து போய்த் தாயாரை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி இருக்கும் திசையில் போனாள்.

(ஒப்பம்) ஜூல்