நாலு இறாத்தல் கூடிப்போன அழகுமுத்து

அவைக்குத் தலைமை தாங்கும் தோட்டக் கமிட்டித் தலைவர், பெருமதிப்புக்குரிய பொன்னையா அவர்களே! வெள்ளை வேட்டியும் விரிந்த நெஞ்சுமாய் வீற்றிருக்கும் பெரியோர்களே! தேயிலைக் கொழுந்து நிறுத்த கையோடு, குளித்த தலை காயுமுன் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! திம்புள்ளையின் திசையெல்லாம் திரண்டு வந்த தோழர்களே! எல்லோருக்கும் என் வணக்கம். எனக்கு வளைத்துப் பேச வராது. ஃபாக்டரியில் மெஷின் பார்க்கிறவன். ஆணி கழன்றிருந்தால், கழன்றிருக்கிறது என்றுதான் சொல்வேன்.

இதோ அமர்ந்திருக்கும் அழகுமுத்து யார்? கவ்வாத்துக் கத்தி பிடித்த கை! காலை முழுக்க மலைச்சரிவில் தேயிலைச் செடி வெட்டி, மாலை முழுக்க மணல்மூட்டையை மிரட்டிய கை! அமெச்சூர் குத்துச்சண்டை மேடையில் மூன்று ஆண்டுகள் அசையாத சாம்பியன் யார்? அழகுமுத்து! அறுபத்தொன்றில் தொழில்முறைக்குப் போய், பதினொரு சண்டையில் பத்தை வென்றவர் யார்? அழகுமுத்து! போன மாதம் கொழும்பில் தொழில்முறைப் பட்டத்தைப் பறித்து வந்தவர் யார்?

கேட்கவில்லையே! ஆங், இப்போது கேட்கிறது.

அவரைப் பழக்கியவன் நான். "மெக்கானிக்கு மூளைக்காரன்யா! மேல் எடையில எறக்கிவிட்டு ஜெயிக்க வச்சான்" என்று ஆறு வருடமாகச் சொல்கிறீர்கள். அதற்காகத்தான் தலைவர் மடியில் எனக்கென்று ஒரு பொன்னாடை காத்திருக்கிறது. அதைத் தொடுமுன் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பத்தெட்டு. அழகுமுத்துவின் முதல் கொழும்புப் போட்டி. அவர் பிரிவுக்கு எடை எல்லை நூற்றி இருபத்தாறு இறாத்தல். கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் அவரைத் தொங்கவிட்டு நிறுத்தேன். முள் நூற்றி இருபத்தாறில் நச்சென்று நின்றது. மகிழ்ந்து ரயில் ஏறினோம்.

கொழும்புத் தராசு என்ன சொன்னது? நூற்றி முப்பது!

"ஒரு மணி நேரத்துல எறக்கு. இல்லேன்னா மேல் பிரிவுக்குப் போ. ரெண்டும் முடியாதா, வீட்டுக்குப் போ" என்றார் அதிகாரி. மேல் பிரிவில் அன்று மாலை நிற்பவர் யார் தெரியுமா? முந்தின வருடச் சாம்பியன், பட்டாளத்துக்காரர்! ஒரு குத்துக்கூட விடாமல் ஊர் திரும்புவதா? உதை வாங்கித் திரும்புவதா?

நான் கம்பளியைத் தேடினேன், போர்த்திவிட்டு ஓட வைத்து வியர்வையில் எடையைக் கரைக்க. அழகுமுத்து தடுத்தார்.

"அண்ணே, நாலு இறாத்தல் எறங்குனா தெம்பும் சேந்து எறங்கிரும். மேலயே எழுதச் சொல்லுங்க."

"டேய், அவன் சாம்பியன்டா!"

"இருக்கட்டுமே. அவருக்கும் ரெண்டு கைதானே?"

மேடையில் பட்டாளத்துக்காரர் பல்லைக் காட்டி, "மலையில குளிரா தம்பி? சீக்கிரம் படுக்க வைக்கிறேன்" என்றார். முதல் சுற்றில் இவர் மூக்கில் இரத்தம். இரண்டாம் சுற்றில் சமம். மூன்றாம் சுற்றில் இடக்கை இடித்தது, வலக்கை வெடித்தது, வந்தவர் விழுந்தார்! மறுநாள் இறுதிச் சண்டை இரண்டு நிமிடம்கூட நீளவில்லை.

கைதட்டுங்கள், அவருக்குத் தட்டுங்கள். எனக்கு வேண்டாம். அந்த நாலு இறாத்தல் எங்கிருந்து வந்தது?

அதோ, தாய்மார்கள் சிரிக்கிறார்கள்! அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கொழுந்துத் தராசில் கூடையின் எடையைக் கழிக்க முள்ளை நாலு இறாத்தல் பின்னால் தள்ளி வைப்பது வழக்கம். கூடையில்லாமல் தொங்கிய மனிதனுக்கும் அது நாலைக் கழித்துவிட்டது!

மடுவத்தில் நிறுத்த அன்றைக்கே ஒருவர் சொன்னார். அழகுமுத்துவின் அக்கா ராசம்மா. "ஏன் மெக்கானிக்கு, முள்ளு கூடைக்குத் தள்ளி வச்சதாச்சே? இவன் என்ன கூடையைக் கட்டிக்கிட்டா தொங்குறான்?"

படித்த நான் என்ன சொன்னேன்? "அக்கா, நீங்க கொழுந்தைப் பாருங்க. மெஷினை நான் பாத்துக்கிறேன்."

"முடிவு நல்லாத்தானே ஆச்சு" என்கிறார் அங்கே ஒருவர். ஐயா, அது அவர் கை செய்த நன்மை. என் தலை செய்ததல்ல! அவர் தோற்றிருந்தால் இந்தப் பட்டம் ஏது? இந்தக் கூட்டம் ஏது? கொழுந்து பறிக்கிறவளுக்கு என்ன தெரியும் என்று கேட்கும் வாய் வெளியூரில் மட்டுமா இருக்கிறது? என் முகத்திலேயே இருந்தது! இனி நம் மண்ணில் எழும் ஒவ்வொரு வீரனுக்கும் சொல்கிறேன்: உன்னைப் பழக்குகிறவன் படித்தவனா என்று மட்டும் பார்க்காதே, பக்கத்தில் இருப்பவர் சொன்னால் கேட்பானா என்று பார்!

தலைவர் அவர்களே, அந்தப் பொன்னாடையை இப்படிக் கொடுங்கள். ராசம்மா அக்கா, மேடைக்கு வாங்க.

"அட போ தம்பி, ஈரத்தலையோட..."

ஈரம் காய்ந்துவிடும், வாங்க! அழகுமுத்து, எழுந்து நில்லும். உம் கையாலேயே போர்த்தும்.

பொறுமையாய்க் கேட்ட பெருமக்களுக்கும், பொறுக்காமல் குறுக்கே பேசிய நண்பருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!